விதையில் மிதப்பதைத் தள்ளுகிறோம், தாதுவில் மிதப்பதை எடுக்கிறோம்: ஃப்ளோட்டேஷன் எல்லாம் ஒன்றுதானா?

காவேரிப்பட்டணம்_கெமிஸ்ட்ரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் கொஞ்சம் நெல்லும் மாந்தோப்பும் உண்டு.

நாற்று விடுவதற்கு முன்னால் அப்பா விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டுவார். மிதப்பதை வடித்துத் தள்ளிவிடுவோம், அடியில் தங்குவதுதான் விதை. போன வாரம் வகுப்பில் தாதுவைக் கல்லிலிருந்து பிரிக்கிற நுரை மிதப்பு முறை (ஃப்ரோத் ஃப்ளோட்டேஷன்) நடத்தினார்கள், அங்கே அப்படியே தலைகீழாக இருக்கிறது. நுரையோடு மிதந்து வருவதுதான் தாது, அடியில் போவது கழிவு. கலீனா என்கிற ஈயத் தாதுவின் அடர்த்தி 7.5, அதோடு கலந்திருக்கிற குவார்ட்ஸ் கல் 2.65தான். கனமானது மேலே வருகிறது, அதைவிட லேசானது கீழே போகிறது, இது எப்படி? சாரிடம் கேட்டேன், தாதுவில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் அதனால் மிதக்கும் என்றார். தேர்வுக்கு அது போதும். ஆனால் தண்ணீரைவிட ஏழரை மடங்கு கனமான ஒன்றை இத்தனூண்டு எண்ணெய் எப்படித் தூக்கும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் இதைத் தேடும்போது ஃப்ளோட்டேஷன் என்று அகழாய்வில் ஒன்று வருகிறது, கழிவுநீர் சுத்திகரிப்பில் ஒன்று, ஷேர் மார்க்கெட்டில்கூட ஒன்று. எல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா? மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா? தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.


அரூர்_மானாவாரி எழுதியது:

விதை, மாம்பழம் இரண்டுக்கும் நான் சொல்கிறேன் பாப்பா, தாது விஷயத்துக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வருவார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். வெறும் தண்ணீரில் நெல்லைப் போட்டால் மிதப்பது சுத்தமான பதர் மட்டும்தான். அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் தண்ணீரைவிடக் கனம்தான், அதுவும் நல்ல நெல்லோடு சேர்ந்து கீழே போய்விடும். அதை நாற்றங்காலில் விட்டால் முளைக்கும், ஆனால் நாற்று சவலையாக வரும். நமக்குப் பிரிக்க வேண்டியது நல்ல நெல்லையும் அந்த அரைகுறை நெல்லையும். நெல்லை நாம் மாற்ற முடியாது, அதனால் தண்ணீரை மாற்றுகிறோம். உப்புப் போடப் போடத் தண்ணீர் கனமாகிறது, ஒரு கட்டத்தில் அரைகுறை நெல் மேலே வந்துவிடுகிறது, முழு நெல் மட்டும் அடியில் நிற்கிறது. உப்பின் வேலை அவ்வளவுதான்.

எவ்வளவு உப்பு என்பதற்குத்தான் முட்டை. உங்கள் வீட்டிலும் முட்டை போட்டுத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். புது முட்டை நல்ல தண்ணீரில் அடியில் படுத்திருக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் மெல்ல எழும்பும், அதன் தலை பழைய இருபத்தைந்து பைசா நாணயம் அளவுக்குத் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் இதே அடையாளம்தான். ஆனால் முட்டை அன்றன்றைக்கு இட்டதாக இருக்க வேண்டும், இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வைத்திருக்க வைத்திருக்க முட்டைக்குள் இருக்கிற ஈரம் ஓடு வழியாகப் போய்விடும், உள்ளே காற்றறை பெரிதாகும், முட்டை லேசாகிவிடும். பழைய முட்டை கொஞ்சம் உப்பிலேயே எழும்பிவிடும், நீ கரைசல் தயார் என்று நினைப்பாய், அரைகுறை நெல் அடியிலேயே தங்கிவிடும்.

நெல்லைக் கொட்டியதும் கையை விட்டு நன்றாகக் கலக்கிவிட வேண்டும். நெல்லின் சொரசொரப்பில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொள்ளும், கலக்காவிட்டால் நல்ல நெல்லும் மிதந்து வீணாகப் போகும். அப்புறம் மிதப்பதை அள்ளியெடுத்துவிட்டு, அடியில் இருப்பதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியாக வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

கம்பிலும் இது உண்டு. தேன் ஒழுகல் நோய் வந்த கம்பில் பூசணம் கட்டிய கறுப்புக் கட்டி விதையோடு கலந்திருக்கும், பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்துக் கொட்டினால் அது மிதக்கும், எடுத்தெறிந்துவிடலாம். அதைத் தின்றால் ஆளுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, அதனால் எரித்துவிடுவது நல்லது.

பருத்தியையும் சொல்லிவிடுகிறேன், உன் தாதுக் கேள்விக்கு அது உதவும். பஞ்சு ஒட்டியிருக்கிற பருத்தி விதையைத் தண்ணீரில் போட்டால் நல்லதும் மிதக்கும் கெட்டதும் மிதக்கும், ஏனென்றால் அந்தப் பஞ்சுக்குள் காற்று தங்கியிருக்கிறது. அதனால்தான் முதலில் ஆசிட்டில் பஞ்சை நீக்கிவிட்டு, கழுவி, அப்புறம் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளுகிறார்கள். விதையின் கனம் அதேதான், ஒட்டியிருக்கிற காற்று போனதும் கதை மாறிவிடுகிறது.

மாம்பழம். நன்றாக முற்றிய காய் தண்ணீரைவிட ஒரு துளி கனம், ஒப்படர்த்தி 1.01, 1.02 அந்த அளவில் வரும், அதனால் மூழ்கும். முற்றாத காய் மிதக்கும். ஆக மிதந்தால் அதற்கு அர்த்தம் பிஞ்சில் பறித்தது என்பதுதான். கார்பைட் வைத்தாரா இல்லையா என்பது தண்ணீருக்குத் தெரியாது. முற்றாத காயைச் சீக்கிரம் காசாக்கத்தான் பெரும்பாலும் கல் வைக்கிறார்கள் என்பதால் இரண்டும் சேர்ந்து வருகிறது, அதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு சோதனையைக் கிளப்பிவிட்டார்கள். நன்றாக முற்றிய காயைக் கல் வைத்துப் பழுக்க வைத்தாலும் அது மூழ்கத்தான் செய்யும், மூழ்குகிறதே என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கால்சியம் கார்பைடை வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, அது வேறு வழக்கு. தோப்பில் பறிக்கும்போது காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், பெங்களூராவோ செந்தூராவோ எதுவானாலும்.


ஊத்தங்கரை_மில் எழுதியது:

நான் ஊத்தங்கரை, ராஜஸ்தானில் ஒரு தாது ஆலையில் ஃப்ளோட்டேஷன் பிரிவில் வேலை. அண்ணன் பருத்தி விதையில் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறேன், அவர் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது.

தங்கச்சி, எண்ணெய் தூக்குவதில்லை. தூக்குவது காற்று. எண்ணெயோ மற்ற மருந்தோ செய்கிற வேலை, அந்தத் துகளைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றுவது மட்டும்தான். தாமரை இலைமேல் தண்ணீர் ஒட்டாமல் உருளுகிறதில்லையா, அந்த மாதிரி ஒரு மேல்பரப்பைத் துகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். தண்ணீர் ஒட்டாத மேல்பரப்பு குமிழைக் கண்டால் அதில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஒட்டுகிற மேல்பரப்பு குமிழைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதில் துகளின் கனத்துக்கு இடமே இல்லை, அது எந்தப் பொருளால் ஆனது, அதன் தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. உப்புத் தண்ணீரில் பார்ப்பது கனத்தை, இங்கே பார்ப்பது தோலை. அதனால்தான் உனக்கு இரண்டும் தலைகீழாகத் தெரிகிறது.

சரி, ஏழரை மடங்கு கனத்தைக் குமிழ் தூக்குமா? கணக்குப் போட்டுப் பார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ் ஒன்று. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கலீனாத் துகள் ஒன்று. விட்டம் பத்து மடங்கு என்றால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு. தண்ணீருக்குள் துகளின் எடை அதன் கொள்ளளவுத் தண்ணீரைப் போல 6.5 மடங்கு, ஏனென்றால் 7.5ல் ஒன்றைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது. ஆயிரத்தை ஆறரையால் வகு, நூற்றைம்பது சொச்சம் வரும். ஒரே குமிழ் நூற்றைம்பது கலீனாத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே போக முடியும். அதே கலீனா ஒரு மில்லிமீட்டர் பருமனாக இருந்தால் அந்தக் குமிழால் ஒன்றைக்கூடத் தூக்க முடியாது. அதனால்தான் ஆலையில் முதல் வேலை அரைப்பது, மின்சாரக் கட்டணத்தில் பெரும்பகுதி அரவைக்குத்தான் போகும். அரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, தாதுவும் கல்லும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், தனித்தனித் துகளாக உடைந்தால்தான் பிரிக்கவே முடியும்.

மருந்துகளை உன் புத்தகத்தில் படித்திருப்பாய். கலெக்டர் என்பது சாந்தேட், அதன் ஒரு முனை கலீனா மாதிரியான சல்பைடு தாதுவில் ஒட்டும், மறுமுனை தண்ணீரை விலக்கும். டன்னுக்குச் சில பத்து கிராம் போதும், ஏனென்றால் மூட வேண்டியது மேல்தோலை மட்டும். ஃப்ராதர் என்பது பைன் எண்ணெய் மாதிரியானது, குமிழ் சீக்கிரம் உடையாமல் சின்னதாக நிற்பதற்கு. டிப்ரசன்ட் என்பது வேண்டாததைத் தற்காலிகமாகத் தண்ணீர் ஒட்டுவதாக வைத்திருக்கிற மருந்து. ஈயமும் துத்தநாகமும் கலந்த தாது வந்தால் முதலில் துத்தநாகத் தாதுவை அடக்கி வைத்துவிட்டு ஈயத்தை மிதக்க விடுவோம், ஈயம் எடுத்தபின் அடுத்த தொட்டியில் காப்பர் சல்ஃபேட் போட்டுத் துத்தநாகத்தை எழுப்புவோம். இரண்டுமே கல்லைவிடக் கனம்தான், எதை எப்போது மிதக்க வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். சில இடங்களில் தாதுவை அடியில் விட்டுவிட்டுக் கல்லை மட்டும் மிதக்க வைத்து அள்ளி எறிகிறார்கள், இரும்புத் தாதுவில் அது நடக்கிறது. அதனால் மிதப்பதுதான் தாது என்று மனப்பாடம் செய்யாதே.

செல் என்கிற மிதப்புத் தொட்டியின் ஓரத்தில் நின்று பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். காப்பர் ஓடும்போது நுரை பித்தளை நிறத்தில் மினுங்கிக்கொண்டு உதட்டோரம் வழியும், கலீனா ஓடும்போது ஈயச் சாம்பல் நிறம். நுரை வெளுத்துச் சோப்பு நுரை மாதிரி ஆகிவிட்டால் குமிழ் வெறுமனே வருகிறது என்று அர்த்தம், மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். ஆய்வக ரிப்போர்ட் வர நேரமாகும், அனுபவமுள்ள ஆபரேட்டர் நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு சதவீதம் சுற்றிச் செம்பு உள்ள கல், இங்கிருந்து வெளியே போகும்போது இருபது சதவீதத்துக்கு மேல் செம்புள்ள பொடியாகப் போகும். இந்த முறை இல்லையென்றால் அவ்வளவு மட்டமான தாதுவை யாரும் தொடவே மாட்டார்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்கிறேன். 1877ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் பெசல் சகோதரர்கள் கிராஃபைட்டுக்கு இந்த வகையில் காப்புரிமை வாங்கினார்கள். 1886ல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண்மணி எண்ணெயும் அமிலமும் வைத்துத் தாது பிரிப்பதற்குக் காப்புரிமை பெற்றார், வேதியியல் படிக்கிற நீ அந்தப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள். பெரிய அளவில் இது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில். அங்கே ஈயத்தை எடுத்துவிட்டுத் துத்தநாகத்தைப் பிரிக்க வழியில்லாமல் மலை மலையாகக் கொட்டி வைத்திருந்த கழிவையே திரும்ப அரைத்து மிதக்க வைத்து எடுத்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் வா. சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் ஆலை இருக்கிறது, அங்கே நடப்பது ஃப்ளோட்டேஷன்தான். கிராஃபைட்டுக்கு இயற்கையிலேயே தண்ணீர் ஒட்டாது, அதனால் அதற்கு மருந்து குறைவு. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் என்கிற உலோகம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை (ஜி.எஸ்.ஐ.) கண்டறிந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். அதன் தாதுவான மாலிப்டினைட்டும் கிராஃபைட்டைப் போலவே தண்ணீர் ஒட்டாத ஜாதி, உலகம் முழுக்க அதைப் பிரிப்பது இந்த முறையில்தான்.


காவேரிப்பட்டணம்_கெமிஸ்ட்ரி எழுதியது:

அண்ணா, அந்த ஆயிரத்தை ஆறரையால் வகுத்த கணக்கை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. அரூர் பெரியப்பாவுக்கும் நன்றி, முட்டை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், எங்கள் வீட்டில் எப்போதும் அன்றன்றைக்கு இட்ட புது முட்டை எடுத்துத்தான் போடுவார்களாம்.

இன்னொன்று. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் நுரை பொங்கி வருகிறதே, அந்த நுரையும் இந்த நுரையும் ஒன்றா?


ஓசூர்_ஈடிபி எழுதியது:

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் இருக்கிறேன், இந்தக் கேள்வி என்னுடையது.

நுரை உண்டாகிற விதம் ஒன்றுதான். தென்பெண்ணையில் பெங்களூரு பக்கத்திலிருந்து வருகிற தண்ணீரில் சோப்புத்தூள், டிடர்ஜெண்ட் வகை ரசாயனம் கலந்திருக்கிறது. அந்த மூலக்கூறுக்கும் சாந்தேட் மாதிரியே ஒரு முனை தண்ணீரை விரும்பும், ஒரு முனை விரும்பாது, அதனால் காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் போய் வரிசையாக நின்றுகொள்ளும். அணையில் தேங்கி நிற்கும்போது பெரிதாகத் தெரியாது. மதகைத் திறந்து தண்ணீர் மேலிருந்து விழுந்து காற்றோடு அடிபட்டதும் பொங்கிவிடும். நீங்கள் பார்க்கிற நுரை தண்ணீரின் அழுக்கை மேலே தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறது. நுரையில் அந்த ரசாயனம் தண்ணீரில் இருப்பதைவிடச் செறிவாக இருக்கும், ஆகவே பிள்ளைகள் அதை அள்ளி விளையாடுவதையும் செல்ஃபி எடுக்க உள்ளே இறங்குவதையும் தயவுசெய்து தடுங்கள். நுரை அடங்கிவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், கரைந்திருப்பது கரைந்தேதான் இருக்கிறது. ஆற்றோரம் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற விவசாயிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. இதை மேலேயே, வீட்டுச் சாக்கடை ஏரியில் விழுகிற இடத்திலேயே தடுத்திருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் ஃப்ளோட்டேஷன் என்றால் டாஃப், கரைந்த காற்றை வைத்துச் செய்வது. பால் பண்ணை, இறைச்சி, தோல், சாயம் எங்கும் இருக்கும். கெட்டியாக மிதக்கிற கொழுப்பைத் தொட்டியில் நிறுத்தினாலே மேலே வந்துவிடும், அள்ளிவிடலாம். பாலில் இருப்பது மாதிரி நுணுக்கமாகக் கலந்துவிட்ட கொழுப்புதான் தகராறு, அது மேலேயும் வராது கீழேயும் போகாது. அதற்கு முதலில் ஆலம் அல்லது பாலி அலுமினியம் குளோரைடு போட்டுத் திரள வைக்கிறோம். அப்புறம் சுத்தமான தண்ணீரின் ஒரு பகுதியை நான்கு முதல் ஆறு பார் அழுத்தத்தில் காற்றோடு கலந்து, அந்தக் காற்றைத் தண்ணீரில் கரையவிட்டு, தொட்டியின் அடியில் திறந்துவிடுகிறோம். அழுத்தம் சட்டென்று இறங்கியதும் கரைந்த காற்றெல்லாம் நுணுக்கக் குமிழாக வெளியே வரும், முடி பருமன்கூட இருக்காது. அது திரளில் ஒட்டி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து பாய் விரித்தது மாதிரி போட்டுவிடும், ஸ்கிம்மர் வழித்துத் தள்ளிவிடும்.

இது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மீட்டர் எல்லாம் வேண்டாம், அடியில் திறக்கிற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும், நிற்க நிற்கக் கீழிருந்து மெதுவாகத் தெளிந்துகொண்டு வர வேண்டும். பிடித்த உடனே பொசுக்கென்று தெளிந்தால் குமிழ் பெரிதாக இருக்கிறது, பெரிய குமிழ் திரளைத் தூக்காது, உடைத்துவிட்டுப் போய்விடும்.


பர்கூர்_நடுகல் எழுதியது:

அகழாய்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தொல்லியல் படித்தவன், அகழாய்வுக் குழியில் மண் சல்லடை பிடித்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஊரின் மண்ணைத் தோண்டும்போது பானை, மணி, இரும்பு இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது தெரியாது. தானியம் மண்ணில் மக்கிவிடும். ஆனால் அடுப்பிலோ தீப்பிடித்த குதிரிலோ கருகிப்போன தானியம் மக்காது, கரியாக அப்படியே இருக்கும். கரிக்குள் நுண்துளை நிறைய, காய்ந்த நிலையில் லேசு, தண்ணீரில் மிதக்கும். மண்ணும் கல்லும் கீழே போகும். இங்கே உப்பும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், கனமே போதும்.

செய்முறை எளிது. அடுப்புச் சாம்பல் கிடந்த இடம், குழி, தரைமட்டம் இப்படிப் பார்த்து மண்ணை அளந்து எடுத்து, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று சீட்டு எழுதிக் கட்டுவோம். மண்ணை வாளித் தண்ணீரில் மெதுவாகக் கொட்டி, கையால் இதமாகக் கலக்கி, மேலே வருவதை மிக நுண்ணிய வலையில் சாய்த்து வடிக்க வேண்டும், அரை மில்லிமீட்டரோ அதைவிடச் சிறியதோ கண்ணுள்ள வலை. வேகமாகக் கலக்கினால் கருகிய தானியம் நொறுங்கிவிடும். வலையில் தங்கியதைத் துணியில் கட்டி நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அடியில் தங்கியதையும் கொட்டிவிடக் கூடாது, சின்ன மணி, மீன் முள், எலும்புத் துண்டு எல்லாம் அதில்தான் கிடக்கும். அப்புறம் நுண்ணோக்கியில் உட்கார்ந்து வேர், நத்தை ஓடு, எறும்பு இழுத்துப்போட்ட இந்தக் காலத்து விதை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பழையதைப் பொறுக்குவது, அதுதான் நாள் பிடிக்கிற வேலை.

இந்த முறையைப் பரவலாக்கியது அமெரிக்கத் தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர் 1968ல் எழுதிய கட்டுரை. அதற்குமுன் கண்ணில் பட்ட பெரிய தானியம்தான் கணக்கில் வந்தது. கொள்ளு கண்ணில் படும், சாமையும் ராகியும் படுமா? சல்லடையில் விழுந்து மண்ணோடு போய்விடும். நம் வட்டாரத்துக்குப் பக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்கால மக்களின் கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. இன்றைக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மானாவாரி நிலத்தில் கொள்ளு விதைக்கிறோம். சிறுதானியம் எப்போது, எப்படி இங்கே வந்தது என்பதற்குப் பதில் இந்த மாதிரி வாளித் தண்ணீரில்தான் கிடைக்க வேண்டும்.

பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2021ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது, இரும்புக் காலத்துக்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு கிடைத்தது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். ஏ.எம்.எஸ். என்கிற அந்தக் கரிமக் காலக்கணிப்புக்குக் கரி மாதிரி கொஞ்சமே இருந்தால் போதும், ஒரு கருகிய தானியமே போதும். மரக்கரியைவிட தானியம் இதற்கு நல்லது, மரம் நூறு வருடம் நின்ற மரமாக இருக்கலாம், தானியம் ஒரே வெள்ளாமையில் விளைந்தது. அதனால்தான் எங்கே தோண்டினாலும் மண்ணைச் சல்லடையோடு நிறுத்தாமல் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள் என்று எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாளியும் வலையும் பொறுமையும்தான் தேவை.


தர்மபுரி_கணக்கு எழுதியது:

ஷேர் மார்க்கெட் மட்டும் நான். அங்கே ஃப்ளோட்டேஷன் என்றால் ஒரு நிறுவனம் முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தைக்கு வருவது, நாம் ஐ.பி.ஓ. என்கிறோம். அதற்காகிற செலவை ஃப்ளோட்டேஷன் செலவு என்று எம்.காம். பாடத்தில் படிப்போம். முதலாளிகள் கையில் பூட்டி வைத்தது போக மீதி, சந்தையில் கைமாறக்கூடிய பங்குதான் ஃப்ரீ ஃப்ளோட். சென்செக்ஸ் 2003லிருந்தும் நிஃப்டி 2009லிருந்தும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் பெயரோடு சரி, பிரித்தெடுக்கிற வேலை இதில் இல்லை.


பென்னாகரம்_பரிசல் எழுதியது:

எல்லோரும் பொருள் மிதப்பதைப் பேசுகிறீர்கள், ஆள் மிதப்பதையும் சொல்லிவிடுகிறேன், கோடை விடுமுறையில் கிணற்றிலும் ஆற்றிலும் வருடா வருடம் பிள்ளைகள் போகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் மிதத்தல் விதி இரண்டு படித்திருப்பீர்கள். மிதக்கிற பொருளின் எடை அது விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம் என்பது ஒன்று. ஈர்ப்பு மையமும் மிதப்பு மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒகேனக்கல் பரிசலில் ஆட்களைச் சுற்றி வட்டமாக உட்கார வைத்து எழுந்திருக்காதே என்று பரிசல்காரர் கத்துவது இரண்டாவது விதிக்காகத்தான். பரிசலின் அடி தட்டையாக அகலமாக இருப்பதால் கொஞ்சம் ஆழத்திலேயே நிறையத் தண்ணீரை விலக்கிவிடும், அதனால்தான் பாறை மேல் தட்டாமல் போகிறது. ஆனால் ஒருவர் போட்டோ எடுக்க ஒரு பக்கம் எழுந்து சாய்ந்தால் அந்தக் கோடு விலகிவிடும்.

மனித உடம்பு தண்ணீர் அளவுக்குத்தான் கனம். மூச்சை இழுத்து நிறுத்தினால் மிதக்கும், விட்டால் மூழ்கும், அவ்வளவு நூலிழை. அதனால்தான் தண்ணீரில் தவறி விழுந்தவர் இரண்டு கையையும் மேலே தூக்கினால் உடனே மூழ்குகிறார், தண்ணீருக்கு வெளியே போன கையைத் தண்ணீர் தாங்காது, அந்தக் கனத்துக்குத் தலை உள்ளே போகும். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மல்லாந்து கிடக்கப் பழக்குங்கள். அந்தக் காலத்தில் சுரைபுருடையைக் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகினோம், இப்போது காலி கேனைக் கட்டுகிறார்கள். ஐந்து லிட்டர் கேன் ஐந்து கிலோவைத் தூக்கும் என்பது சரி, ஆனால் இடுப்பில் கட்டினால் இடுப்பைத்தான் தூக்கும், முகம் கவிழ்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டில் மிதவை நெஞ்சிலும் கழுத்திலும் இருப்பது முகத்தை மேலே பார்க்க வைப்பதற்குத்தான். அதைப் பரிசல் துறையில் வாங்கிப் போட்டுக்கொண்டு பட்டையைக் கட்டாமல் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.


காவேரிப்பட்டணம்_கெமிஸ்ட்ரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஊத்தங்கரை அண்ணாவுக்கு ஒரு கடைசிக் கேள்வி. துறையில் அடுத்த மாதம் செய்முறை விளக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாந்தேட், சயனைடு எல்லாம் கல்லூரியில் தொட விடமாட்டார்கள். கனமானது மிதப்பதைக் காட்ட வேறு ஏதாவது எளிய வழி உண்டா?


ஊத்தங்கரை_மில் எழுதியது:

உண்டு, கந்தகப் பொடி. கந்தகத்தின் அடர்த்தி 2 சொச்சம், கணக்குப்படி மூழ்கியாக வேண்டும். ஒரு கண்ணாடி பீக்கரில் தண்ணீர் எடுத்து மேலே லேசாகத் தூவு, மிதந்துகொண்டே நிற்கும், ஏனென்றால் அதற்கும் தண்ணீர் ஒட்டாது. பக்கத்து பீக்கரில் அதே அளவு தூவிவிட்டு ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் விடு, பொடி மூழ்க ஆரம்பித்து அடியில் மஞ்சளாகப் படியும். கனம் மாறவில்லை, தண்ணீர் அதன் மேல் ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

ஒன்றைக் கவனி. உங்கள் வீட்டில் மாம்பூவுக்குச் சாம்பல் நோய் வராமல் அடிக்க நனையும் கந்தகம் வாங்கி வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போகாதே. தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதற்காக அதில் முன்கூட்டியே நனைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், தூவினால் நேரே கீழே போய்விடும். வேண்டுமானால் மூன்றாவது பீக்கராக அதையும் வை, இரண்டு கந்தகத்தையும் அருகருகே காட்டினால் சாருக்கு நீ தனியாக விளக்க வேண்டியதே இருக்காது. கையுறை போட்டுக்கொள், பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள், பக்கத்தில் பர்னர் எரிய வேண்டாம்.